லூப்புக்கு வெளியே ஒரு காலி பாபின்

எங்கள் மில்லில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மிஷின் சத்தத்தில் பெயர் காதில் ஏறாது என்பார்கள். நம்பர் மட்டும் எப்படி ஏறும் என்று கேட்டதற்கு, "ஒனக்கு வாய் நீளம்" என்றார் சூப்பர்வைசர். அது ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற நூல் மில். வேலையில் சேர்ந்த அன்றைக்கே கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிடுவார்கள். டோக்கன் நம்பர் பெரிதாகவும் பெயர் பொடியாகவும் அச்சிட்டிருக்கும். என் நம்பர் முப்பத்தொன்று. எனக்கு அடுத்த மிஷினில் நின்றவள் முப்பத்திரண்டு.

அவளும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள். அவள் முதல் பெஞ்ச், நான் கடைசி பெஞ்ச். அந்த மூன்று வருஷமும் அவளை வாய் நிறையப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். மில்லுக்கு வந்தபின் அந்தப் பழக்கம் போய்விட்டது. ஒருமுறை தேரோட்டத்துக் கூட்டத்தில் அவளைத் தவறவிட்டுவிட்டு, "ஏட்டி முப்பத்திரண்டு" என்று நான் கத்தியதில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். பெயரைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பாளோ என்னவோ.

டிகிரி வாங்கியவர்கள் பஞ்சு மில்லில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து ஆட்களாக இருக்க மாட்டார்கள். என் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனது. அவரை விட்டுவிட்டு சென்னைக்குப் போக முடியவில்லை. அவளைப் படிப்பு முடிந்த கையோடு மம்சாபுரத்தில் லோடு வேன் ஓட்டுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், ஒரு பிள்ளையும் ஆயிற்று. வீட்டு வாசலுக்கே பஸ் அனுப்புகிற வேலை மில் வேலைதான். ஏறிவிட்டோம். சர்டிபிகேட் இரண்டும் அவரவர் பீரோவில் பாச்சா உருண்டை வாசத்தோடு கிடந்தன.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ரிங் பிரேம் என்பது நீளமான மிஷின். அதில் வரிசையாகப் பாபின் என்கிற குழல்கள் நின்று சுற்றும், நூல் அதில் ஏறும். நாங்கள் மிஷின் நெடுக நடந்துகொண்டே இருந்து, அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுவோம். பாபின் நிறைந்ததும் உருவி வண்டியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் காலி பாபினை மாட்டுவோம். நிறைந்தது வைண்டிங் பக்கம் போகும். அங்கே நூலைப் பெரிய கோனுக்கு மாற்றிவிட்டு, பாபினைக் காலியாக எங்களிடமே திருப்பி அனுப்புவார்கள். புதுப் பாபின் என்பதை வருஷத்தில் என்றைக்காவது பார்த்தால் உண்டு. அதே பாபின்தான் ஓரம் தேய்ந்து, நிறம் மங்கி, வந்துகொண்டே இருக்கும்.

அவளுக்கு இருமல் வந்தது எப்போது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மில்லில் இருமாதவர்கள் யார்? முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும் நெஞ்சை அடைக்கிறது என்றாள். லீவு முடிந்து பஞ்சுத் தூசிக்குள் மறுபடி வரும்போது அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே எங்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டோம். பிறகு எல்லா நாளும் அடைத்தது. நள்ளிரவோடு விடுகிற அரை நைட் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பஞ்சு பக்கமே இனி போகக் கூடாதம்மா என்று சொன்னாராம்.

"போகலன்னா சோத்துக்கு என்ன செய்யன்னு அவியட்ட கேட்டியா?" என்றேன்.

"அதுக்கு மாத்திர எழுதித் தரல," என்றாள். சிரிக்கப் போய் அதுவும் இருமலாக முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் புதிதாக ஒரு ஆபீஸ் திறக்கிறார்கள். மில்களுக்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனிகளுக்கும் சாப்ட்வேர் எழுதுகிற வேலை. உள்ளூர்ப் பெண்கள் சிலரை எடுப்பார்கள். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் பாஷை தெரிந்திருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் டெஸ்ட் உண்டு. எனக்கு அதில் பெரிய ஆசை இருக்கவில்லை. மில் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அவளுக்கு அந்த மாடி ஆபீஸ்தான் மூச்சு. ஏ.சி. போட்ட, தூசி இல்லாத அறையில் ஒரு நாற்காலி. அது கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள், கிடைக்காவிட்டால் மறுபடியும் ரிங் பிரேம். நடுவில் வேறு எதுவும் அவளுக்கு இருக்கவில்லை.

வார லீவு நாட்களில் மம்சாபுரத்திலிருந்து மினி பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருவாள். என் தம்பி வேண்டாமென்று விட்டுப்போன லேப்டாப் ஒன்று இருந்தது. அதில் கோலன் பட்டன் கழன்று போயிருந்தது. இரண்டு புள்ளி வைக்காமல் பைத்தானில், ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்ய வைக்கிற ஒரு லூப்கூட எழுத முடியாது. அவள் சேலையிலிருந்து ஊக்கை எடுத்து, அதன் தலையால் அந்தக் குழிக்குள் அழுத்துவாள். எழுதி முடித்ததும் மறுபடி சேலையில் குத்திக்கொள்வாள். கல்லூரியில் படித்தது எல்லாம் பழைய பாஷை, அதுவும் மறந்தாயிற்று. இது எங்களுக்கு முதலிலிருந்துதான். யூடியூபில் ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். முதல் பெஞ்ச்காரி என்பதால் அவளுக்கு என்னைவிட வேகமாகப் பிடிபட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

அப்படியே வந்தவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள்.

பைத்தானில் கிளாஸ் என்பது ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைப்பது மட்டும்தான். பொருள் அதில் இல்லை. அந்தக் கிளாஸைக் கூப்பிடும்போதுதான் ஒரு பொருள் உண்டாகும், ஒவ்வொரு முறை கூப்பிட்டாலும் புதிதாக ஒன்று. பல பொருள் வேண்டுமானால் லூப் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை உண்டாக்கி, லிஸ்டில் சேர்த்துக்கொண்டே போகலாம். இவ்வளவுதான் விஷயம். அவள் தொழிலாளி என்று ஒரு கிளாஸ் எழுதினாள். அதில் டோக்கன் நம்பரும் பெயரும். எங்கள் வரிசையில் நிற்கிற பெண்களின் பெயர்களைப் போட்டாள். ஓட்டிப் பார்த்தால் வரிசை வரிசையாக ஒரே பெயர். கடைசி மிஷினில் நிற்கிற வத்திராயிருப்புப் பெண்ணின் பெயர் மட்டும், மேலிருந்து கீழ் வரைக்கும்.

"என்னட்டி இது, பூராவும் அவளே நிக்கா," என்றாள்.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. லூப் ஆரம்பிக்கும் முன்பே ஒரே ஒரு ஆளை உண்டாக்கி வெளியே வைத்துவிட்டாள். உள்ளே சுற்றுக்குச் சுற்று அந்த ஒரே ஆளின் நம்பரையும் பெயரையும் மாற்றி மாற்றி லிஸ்டில் போட்டிருக்கிறாள். லிஸ்டில் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனை இடத்திலும் உட்கார்ந்திருப்பது அந்த ஒருத்திதான். கடைசியாக எழுதிய பெயர்தான் எல்லா இடத்திலும் தெரியும்.

"புதுசா ஒண்ண உள்ள வச்சு உண்டாக்கணும். ஒவ்வொரு சுத்துக்கும்."

"ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா? அம்புட்டு பாபினுக்கு எங்க போக? காலியா ஒண்ணு இருக்குல்லா, அதையே மாட்டுவோம்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அத்தனை வருஷம் காலி பாபினை மாட்டிய கை அது. ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்று செய்வது அவளுக்கு ஊதாரித்தனமாகத் தெரிந்தது. நான் மில் கணக்கிலேயே சொல்லிப் பார்த்தேன்.

"வைண்டிங்ல நூல உருவிட்டுத்தான பாபின் காலியா திரும்பி வருது? நீ உருவவே இல்ல. ஏறுன நூலுக்கு மேலயே அடுத்த நூல ஏத்துத."

"அப்ப மொதல்ல போட்ட பேரெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அதுக்கு மேல அடுத்தது வந்துட்டு. அம்புட்டுதான்."

"நான் ரெண்டாவதா என் பேரப் போட்டேன்," என்றாள். பிறகு ஆளை உண்டாக்குகிற வரியை எடுத்து லூப்புக்குள் வைத்தாள். ஓட்டினோம். எல்லாரும் அவரவர் நம்பரோடு வரிசையாக வந்து நின்றார்கள். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, காபி போடு என்றாள்.

அதன்பிறகும் சில தடவை அதே தப்பைச் செய்தாள். பெயர் மாறுமே தவிர தப்பு மாறாது. ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்ததும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திவிடுவாள். திருத்தத் தெரிகிறதே, போதும் என்று விட்டுவிட்டோம்.

டெஸ்ட் அன்று இருவரும் லீவு சொல்லிவிட்டுப் போனோம். மாடிப்படியை அவள் இரண்டு இடத்தில் நின்று ஏறினாள். மேலே வந்ததும் முகத்தைத் துடைத்து, தலையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி உள்ளே போனாள். ஏ.சி. கடுமையாக இருந்தது. மலைப் பக்கத்துக் குளிரைக் குடித்து வளர்ந்தவளுக்கு இந்தக் குளிர் என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவள் அடுத்த மேஜையில் உட்கார்ந்து, கீபோர்டைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதில் கோலன் பட்டன் இருந்தது.

கடைசிக் கேள்வி அதேதான். மாணவர் என்று ஒரு கிளாஸ் எழுதுக. லூப்பில் பல மாணவர்களை உருவாக்கி லிஸ்டில் சேமித்து, எல்லாரையும் அச்சிடுக. படித்ததும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, இதை எத்தனை தடவை போட்டிருக்கிறோம் என்று. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருமல் கேட்டது. அடக்கப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்து அமுக்கினாள். அடங்கவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த இளைஞர், "மேடம், மற்றவங்களுக்குத் தொந்தரவா இருக்கு, கொஞ்சம் வெளியே போயிட்டு வாங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவள் எழுந்து போனாள். படிக்கட்டில் அவள் இருமுவது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போயிருக்கலாம், அவள்தான் கண்ணைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்பி வந்தபோது நேரம் முடிந்து, திரை தானாக மூடிக்கொண்டிருந்தது.

முடிவை அன்றைக்கே சொன்னார்கள். அந்த இளைஞர் அவளுடைய திரையைத் திறந்து பார்த்தார். வரிசையாக ஒரே மாணவன் பெயர். "இது ரொம்ப பேசிக் மேடம். இதுல தப்பு பண்ணா எப்படி?" என்றார்.

"ஓட்டிப் பாத்தேன் சார். தப்புன்னு தெரிஞ்சுது. திருத்துறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தாள். மிச்சத்தைச் சொல்ல மூச்சு வரவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விட்டார்.

என்னை எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது அந்த இளைஞர் என்னிடம், தன் ஊருக்குப் போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல பால்கோவா எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். எங்கள் தெருக்காரர்கள் நாய்க்குக்கூட வாங்கிப் போடாத ஒரு கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு என்னால் ஆனது அவ்வளவுதான். பஸ்ஸில் அதை அவளிடம் சொன்னபோது சிரித்தாள். அப்புறம், "எனக்காவ நீ போகாம இருந்துராத, கொன்னுருவேன்" என்றாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் போய்ச் சேர்ந்தேன். முதல் மாதம் முழுவதும் ஏ.சி. குளிரில் உட்காரும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தக் குளிரும் இந்த நாற்காலியும் எனக்கு எதற்கு? என் நெஞ்சுதான் நன்றாக இருக்கிறதே. லேப்டாப்பை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஆபீஸில் மறுபடி ஆள் எடுக்கும்போது சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். எடுக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்றார்கள்.

அவள் ரிங் பிரேமுக்குத் திரும்பினாள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு சமாளித்தாள். மழைக்காலம் தொடங்கி, மலையில் மேகம் இறங்கிய நாட்களில் ஒருநாள் மிஷினுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். மில் வண்டியிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். உடம்பு தேறியதும் வா, உன் இடம் இருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினாராம். டாக்டர் போகாதே என்று சொன்ன இடம். தப்பித்துவிட வேண்டும் என்று ஊக்கால் பட்டன் அழுத்திப் படித்தாளே, அந்த இடம். இப்போது அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். போனில் பேசும்போதெல்லாம், "என் இடம் இருக்குன்னு சொல்லிருக்காவ" என்பாள். வேன் ஓட்டுகிற வருமானத்தில் பிள்ளையின் படிப்பும் மருந்தும் சேர்ந்து ஓடவில்லை என்பதைச் சொல்லாமலே அதில் சொல்லிவிடுவாள்.

போன மாதம் காலையில் ஆபீஸுக்குப் போகும்போது, டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தது. மில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டதாம், பதற்றத்தில் இருந்தது. கழுத்தில் அட்டை. அதிலிருந்த நம்பரைப் பார்த்தேன். முப்பத்திரண்டு.

"எந்த ஊரு?" என்றேன்.

"சுந்தரபாண்டியம்க்கா. போன வாரந்தான் சேந்தேன்."

"எந்த மிஷின்?"

"ஜன்னலுக்கு அடுத்தது. மின்ன ஒரு அக்கா இருந்தாங்களாம், நின்னுட்டாங்களாம். லேட்டா போனா ஏசுவாங்களாக்கா?"

ஏச மாட்டார்கள் என்றேன். ஏசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் என்ன செய்யும் பாவம். ஆனாலும் அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இறங்கும்போது போய்ட்டு வாரேன்க்கா என்றது. நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மம்சாபுரம் போனேன். அவள் கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கழுத்தெலும்பு எடுத்துக் காட்டியது. மடியில் லேப்டாப், பக்கத்தில் ஊக்கு.

"இங்க பாரு," என்று திரையை என் பக்கம் திருப்பினாள். எங்கள் மில் வரிசைதான். லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஆள் புதிதாக உண்டாகி, ஒவ்வொருத்தியும் தன் நம்பரோடும் பெயரோடும் நின்றாள். நான் மில்லை விட்டு வந்து இத்தனை நாளாகியும் முப்பத்தொன்றுக்கு நேரே என் பெயரை வைத்திருந்தாள். அடுத்த வரியில் அவள் பெயர். "இப்ப கை தானா உள்ள போயிருது. தப்பே வரல. ஒங்க ஆபீஸ்ல எடுக்காட்டாலும் சரி, தை மாசம் மில்லுக்குப் போயிருவேன். செத்த நேரம் நடக்க முடியுது இப்ப."

என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வேறு யாராவது சொல்லி அவளுக்குத் தெரிவதைவிட நான் சொல்வது மேல் என்று நினைத்தேன். நினைத்தது சரிதானா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். நம்பரைச் சொன்னேன். ஜன்னலுக்கு அடுத்த மிஷின் என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "சின்னப் புள்ளையா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"தூசிக்கு மூஞ்சியில துணி கெட்டச் சொன்னியா?"

சொல்லவில்லை என்றேன். ஆரஞ்சில் ஒன்றை எடுத்து உரித்தாள், சுளையைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை எல்லாப் பெயரையும் வாசித்த மாதிரி இருந்தது. லேப்டாப்பை மூடினாள். ஊக்கை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டாள்.

"அதே நம்பரு, மேல அடுத்த பேரு. அப்ப அன்னைக்கு டெஸ்டுல நான் எழுதுனதுதாம்ட்டி சரி," என்றாள்.